பெருநகர மாரத்தான் பாதை: சமதரையில் பழகிய டெல்டாக்காரர்கள் எதற்கு ஆயத்தமாக வேண்டும்?

வடுவூர் ஏரிக்கரை எழுதியது (அக்டோபர் 2023):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரி 21 அன்று மும்பையில் என் முதல் முழு மாரத்தானை ஓடப் பதிவு செய்திருக்கிறேன். கபடிக்குப் பேர்போன ஊரில் பிறந்தும் கபடி வராமல் ஓட்டத்துக்கு வந்தவன் நான். மூன்று ஆண்டுகளாக வாய்க்கால் கரைச் சாலையில்தான் ஓடி வருகிறேன். சென்ற ஞாயிறன்று 30 கிலோமீட்டரை மூன்றே கால் மணி நேரத்தில் முடித்தேன். இதுவரை நான் ஏறிய பெரிய ஏற்றம் என்றால், ஆற்றுப்பாலத்துக்கு ஏறும் அந்த நூறடிச் சாலைதான். ஓடும்போது உடன் வருபவை நாரைகளும், வேலைக்குப் போகும் ஒன்றிரண்டு மிதிவண்டிகளும் மட்டுமே. பல்லாயிரம் பேர் ஒன்றாக ஓடும் பாதை எப்படி இருக்கும் என்பதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. வரைபடத்தில் பெடர் சாலை ஏற்றத்தைத் தவிர மற்றதெல்லாம் சமமாகத்தான் தெரிகிறது. வரைபடம் சொல்லாதது என்னவென்று ஓடியவர்கள் சொல்ல வேண்டும்.

குடமுருட்டி எழுதியது:

தம்பி, 2020இல் அந்தப் பாதையில் ஓடியவன் என்ற முறையில் எழுதுகிறேன். பாதை ஆண்டுக்கு ஆண்டு சற்று மாறும். ஆகவே, இறுதி வரைபடம் வந்தபின் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தின் வாசலில், விடிவதற்கு வெகு முன்பே ஓட்டம் தொடங்கும். முதல் இரண்டு கிலோமீட்டரை ஓட்டம் என்று சொல்வதை விட, தேர் இழுக்கும் கூட்டத்தில் அகப்பட்டுக்கொண்டு நகர்வது என்றே சொல்ல வேண்டும். உங்கள் வேகத்தில் ஓட இடம் கிடைக்காது. அந்த இடத்தில் எரிச்சல்பட்டு, இடுக்கு கிடைத்த பக்கமெல்லாம் புகுந்து முந்துபவர்கள் 35ஆவது கிலோமீட்டரில் அதற்கு வட்டி கட்டுவார்கள், நானும் கட்டினேன். அதன்பின் மரைன் டிரைவ் வந்ததும் சாலை அகலமாகிவிடும். இருட்டில் கடற்காற்றோடு ஓடும் அந்தப் பகுதியில் எல்லோருக்கும் தங்கள் கால்கள் இறகாகிவிட்டதாகத் தோன்றும். எச்சரிக்கையாக இருக்க வேண்டிய முதல் இடம் அதுதான்.

சௌபாட்டி தாண்டி, கெம்ப்ஸ் கார்னர் வழியாகப் பெடர் சாலை. போகும்போது அது ஏற்றமாகவே தெரியாது, ஏனென்றால் அப்போது நீங்கள் பத்துக் கிலோமீட்டர்கூட ஓடியிருக்க மாட்டீர்கள். பிறகு ஹாஜி அலி, வொர்லி, அதற்கப்பால் பாந்த்ரா-வொர்லி கடற்பாலம். 2009இல் திறக்கப்பட்ட அந்தப் பாலத்தின் நீளம் 5.6 கிலோமீட்டர்; பாதசாரிகளுக்கு மற்ற நாட்களில் அதில் அனுமதி இல்லை. கிழக்கு வெளுக்கும் நேரத்தில் அதன்மேல் இருப்பீர்கள். அழகில் குறையொன்றும் இல்லை. ஆனால், அங்கே கைதட்ட ஒருவரும் இல்லை. காலடிச் சத்தமும் மூச்சுச் சத்தமும் மட்டுமே கேட்கும். வாய்க்கால் கரையில் தனியாக ஓடிப் பழகிய உங்களுக்கு அது சொந்த ஊர் போல இருக்கும். என்னோடு ஓடிய சென்னை நண்பர் ஒருவர், முழு ஓட்டத்திலும் தாம் மனம் தளர்ந்த இடம் அதுவே என்றார்.

பாந்த்ராவில் திரும்பி மாகிம் வந்ததும் ஊரே தெருவில் நிற்கும். வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் பாட்டிகள் ஆரஞ்சுச் சுளையும், கடலை மிட்டாயும், பிஸ்கட்டும் நீட்டுவார்கள். சிவாஜி பூங்கா, சித்திவிநாயகர் கோயில் வழியெல்லாம் இதே கதைதான். அங்கே நான் செய்த பிழை, நீட்டியதையெல்லாம் வாங்கித் தின்றது. மறுக்க மனம் வரவில்லை. வயிறு 33ஆவது கிலோமீட்டரில் கணக்குத் தீர்த்தது.

பெடர் சாலை திரும்பி வருவது 35ஐ ஒட்டி. ஏற்றத்தின் நீளம் அதிகமில்லை, செங்குத்தும் இல்லை. ஆனால், போகும்போது மேடாகவே தெரியாத அதே சாலை, வரும்போது மலையாக நிற்கும். ஐந்து மணிக்குத் தொடங்கி ஐந்து மணி நேரத்தில் முடிப்பவர் அங்கே ஒன்பது மணி சுமாருக்கு வந்து சேர்வார். ஜனவரியில் மும்பையில் சூரியன் உதிப்பது ஏழேகால் மணி அளவில்; ஆக, அதற்குள் இரண்டு மணி நேர வெயிலும் தலையில் ஏறியிருக்கும். அதைத் தாண்டி இறங்கினால் மீண்டும் மரைன் டிரைவ். இருட்டில் இனித்த அதே சாலையில் இப்போது கொஞ்சமும் நிழல் இருக்காது.

நாகை உப்புக்காற்று எழுதியது:

அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. ஒன்றே ஒன்று: பாதை 42.195 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தும், சென்ற ஆண்டு நான் ஓடிய நகரத்தில் என் கடிகாரம் 42.8 காட்டியது. அறுநூறு மீட்டர் கூடுதலாக ஓட வைத்துவிட்டார்கள். நுழைவுக் கட்டணம் வாங்கிக்கொண்டு தூரத்தைக்கூடச் சரியாக அளக்க முடியாதவர்களை என்னவென்று சொல்வது? நான்கு மணி நேரத்துக்குள் முடித்திருக்க வேண்டியவன், 4 மணி 2 நிமிடத்தில் முடித்தேன்.

சங்கிலி அளவை எழுதியது:

அந்த அறுநூறு மீட்டரை ஓடியது நீங்கள்தான், நண்பரே. அமைப்பாளர்கள் அதைக் கூட்டவில்லை. நில அளவையில் முப்பது ஆண்டுகள் கழித்தவன் என்பதால் இதை மட்டும் விரிவாக எழுத அனுமதியுங்கள்.

அங்கீகாரம் பெற்ற மாரத்தான் பாதையை மிதிவண்டியால் அளக்கிறார்கள். முன்சக்கரத்தின் அச்சில் ஜோன்ஸ் கவுண்டர் என்ற சிறு எண்ணி பொருத்தப்பட்டிருக்கும். எஃகு நாடாவால் அளந்து குறித்த ஒரு நேர்கோட்டில் அந்த மிதிவண்டியை முதலில் பலமுறை ஓட்டி, எத்தனை எண்ணிக்கைக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிடுவார்கள். டயரின் காற்று வெயிலில் விரிவதால், அளந்து முடித்தபின் அதே கோட்டில் மீண்டும் ஓட்டிச் சரிபார்ப்பார்கள். பாதையை அளக்கும்போது வளைவுகளில் சாலை விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, ஓட்டக்காரர் ஓடக்கூடிய மிகக் குறுகிய வழியிலேயே மிதிவண்டி செல்ல வேண்டும். அதற்கும் மேல், எந்தக் காரணத்தாலும் பாதை குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர் வீதம் 42 மீட்டரைச் சேர்க்கிறார்கள். ஆகவே, அந்தக் குறுகிய கோட்டின்மேல் பிசகாமல் ஓடுபவருக்கே பாதை 42.2க்குச் சற்று மேல் வரும்.

நீங்கள் அந்தக் கோட்டில் ஓடவில்லை. யாராலும் ஓட முடியாது, கூட்டம் விடாது. வயலைச் சுற்றி வரும்போது உள்வரப்பில் நடப்பவருக்கும் வெளிவரப்பில் நடப்பவருக்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஒரு திருப்பத்தில் ஒரு மீட்டர் வெளியே தள்ளி ஓடினால், செங்கோணத் திருப்பத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கூடும். மூன்று மீட்டர் தள்ளினால் நாலேமுக்கால். தண்ணீர்ப் பந்தலுக்காகச் சாலையின் ஒரு ஓரத்துக்கும், நிழலுக்காக மறு ஓரத்துக்கும், முந்துவதற்காக நடுவுக்கும் ஓடுவதையெல்லாம் கூட்டினால் சில நூறு மீட்டர் சேர்ந்துவிடும். மீதியை, உங்கள் கடிகாரத்துக்கு இடம் காட்டும் செயற்கைக்கோளின் தலையில் போடலாம்: மேம்பாலத்தின் அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் கடிகாரம் தடுமாறி, நீங்கள் கட்டடத்துக்குள் புகுந்து வந்ததாகக்கூட வரைந்து காட்டும். நம் திறந்த வயல்வெளியில் ஓடுபவர்களுக்கு அந்த அனுபவம் இல்லாததால் கடிகாரத்தை வேதவாக்காக நம்பிவிடுகிறோம். லண்டன், பெர்லின் போன்ற ஓட்டங்களில் அந்தக் குறுகிய வழியைச் சாலையில் நீலக் கோடாகவே வரைந்துவைக்கிறார்கள். நம் நாட்டில் அதை நாமே கண்ணால் வரைந்துகொள்ள வேண்டும்: வரும் திருப்பத்தின் உள்விளிம்பைப் பார்த்து, அதை நோக்கி நேராக ஓடுங்கள்.

உங்கள் நான்கு மணிக் கனவு எங்கே உடைந்தது என்றும் சொல்கிறேன். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 40 விநாடி என்று வைத்துக்கொண்டு 42.195ஐப் பெருக்கினால் 3 மணி 59 நிமிடம். அதே வேகத்தில் 42.8ஐப் பெருக்கினால் 4 மணி 2 நிமிடம் 32 விநாடி. உங்கள் கடிகாரம் வேகத்தைச் சரியாகத்தான் காட்டியிருக்கிறது.

நாகை உப்புக்காற்று எழுதியது:

என் நேரம் துல்லியமாக 4 மணி 2 நிமிடம் 29 விநாடி. ஐயா, என் கோபத்தைத் திரும்பப் பெறுகிறேன். இனிமேல் கடிகாரத்தின் கிலோமீட்டரை விட்டுவிட்டு, சாலையோரப் பலகையில் உள்ள கிலோமீட்டரைப் பார்த்தே கணக்கு வைப்பேன்.

குடந்தை ஆசிரியை எழுதியது:

தம்பி, ஆண்கள் யாரும் எழுதாத சிலவற்றை நான் எழுதுகிறேன்.

பெரிய ஓட்டங்களில் மார்பில் அணியும் எண்ணட்டையை ஓட்டத்தன்று காலையில் தர மாட்டார்கள். முந்தைய நாட்களில், அடையாள அட்டையுடன் நேரில் சென்று வாங்க வேண்டும். உழவன் விரைவு வண்டியில் ஏறி விடியற்காலையில் எழும்பூரில் இறங்கி நேரே ஓடப் போகலாம் என்று நினைத்து, சென்னை மாரத்தானுக்கு வந்த ஒருவரை நான் அறிவேன். அவர் இறங்கிய நேரத்தில் ஓட்டம் தொடங்கிவிட்டது; எண்ணட்டையும் கையில் இல்லை. மும்பைக்கு வெள்ளிக்கிழமையே போய்ச் சேருங்கள்.

தொடக்க இடத்தில் நடமாடும் கழிப்பறைகள் இருக்கும். வரிசை அதைவிட நீளமாக இருக்கும். ஒரு மணி நேரம் முன்பாகவே போய் நின்றாலும், பெண்கள் வரிசை அசையவே அசையாது. அங்கே நின்று கடைசி நேரத்தில் பதறி ஓடி வந்து, என் பிரிவு புறப்பட்டபின் பின்வரிசையில் சேர்ந்து ஓடியிருக்கிறேன். அதனால் நேரம் வீணாகவில்லை, ஏனென்றால் காலணியில் கட்டும் மின்னணுச் சில்லோ எண்ணட்டையில் ஒட்டிய சில்லோ நீங்கள் தொடக்கக் கோட்டைத் தாண்டும்போதுதான் உங்கள் நேரத்தை எண்ணத் தொடங்கும். தொடக்கத் துப்பாக்கி வெடித்தது முதல் எண்ணும் துப்பாக்கி நேரம் வேறு, சில்லு நேரம் வேறு. ஆனால், பின்வரிசையில் எல்லோரும் உங்களைவிட மெதுவாக ஓடுபவர்களாக இருப்பதால், சங்கிலி அளவை ஐயா சொன்ன கூடுதல் மீட்டர்கள் அங்கேதான் சேரும்.

அக்குளிலும் தொடையிலும் தேங்காய் எண்ணெயைக் காட்டிலும் வாஸ்லின் நிற்கும். ஓட்டத்துக்காகப் புதிதாக வாங்கிய காலுறையை அன்று அணியாதீர்கள்.

திருவையாறு ஸ்டெத் எழுதியது:

தண்ணீரைப் பற்றி யாரும் எழுதாததால் எழுதுகிறேன். சர்வதேச விதிப்படி ஏறத்தாழ 5 கிலோமீட்டருக்கு ஒரு பந்தல் இருக்க வேண்டும்; நம் ஊர் வெயிலுக்காகப் பல அமைப்பாளர்கள் அதைவிட நெருக்கமாகவே வைக்கிறார்கள். முதல்முறை ஓடுபவர்கள் நா வறண்டு விழுவோம் என்று அஞ்சி, ஒவ்வொரு பந்தலிலும் வயிறு முட்டக் குடிக்கிறார்கள். அது ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் முடிவுக் கோட்டில் இரத்தம் கொடுத்த 488 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் 13 விழுக்காட்டினருக்கு இரத்தத்தில் சோடியம் என்னும் உப்புச்சத்து நீர்த்து இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களுக்கும்தான் அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. ஓடும்போது எடை கூடுகிறது என்றால், வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள் என்றே பொருள்.

வடுவூர்த் தம்பி செய்ய வேண்டியது எளிது. ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் போயிருக்கிறது. உங்கள் உடலின் கணக்கு தெரிந்துவிட்டால், பக்கத்தில் ஓடுபவர் எவ்வளவு குடிக்கிறார் என்று பார்க்க வேண்டியதில்லை. தாகத்துக்குக் குடியுங்கள், இடையிடையே உப்புச் சேர்ந்த கரைசலும் இருக்கட்டும்.

குடமுருட்டி எழுதியது:

டாக்டர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பந்தல் இருக்கும் என்று மட்டும் நம்பிப் போகாதீர்கள். பெயர் வேண்டாம், தென்னிந்திய நகரம் ஒன்றில் 28ஆவது கிலோமீட்டருக்குப் பிறகு இரண்டு பந்தல்களில் மேசை மட்டுமே இருந்தது. தன்னார்வலராக நின்ற பள்ளிப் பிள்ளைகள் அழாத குறையாக மன்னிப்புக் கேட்டார்கள். அன்று முதல் கால்சட்டைப் பையில் கால் லிட்டர் மென்புட்டி ஒன்றை வைத்தே ஓடுகிறேன். நிரம்பிய பந்தலிலும் முதல் மேசையில் மொய்க்காமல் கடைசி மேசைக்குப் போங்கள். காகிதக் குவளையின் வாயை விரல்களால் கிள்ளிக் கூம்பாக்கிக் குடித்தால் மூக்கில் ஏறாது. கீழே கிடக்கும் குவளைகளையும் பழத்தோல்களையும் பார்த்துக் கால் வையுங்கள்.

வடுவூர் ஏரிக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஏற்றத்துக்கு எப்படிப் பயிற்சி எடுப்பது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை. திருச்சிக்குப் போய் மலைக்கோட்டைப் படிகளில் ஏறி இறங்கலாமா?

நாகை உப்புக்காற்று எழுதியது:

படி வேறு, சாலை வேறு. நான் சிபாரிசு செய்வது ஆற்றங்கரைச் சரிவு. கரையிலிருந்து படுகைக்கு இறங்கும் மண்பாதையில் பத்து முறை ஏறி இறங்கினால் போதும்.

குடமுருட்டி எழுதியது:

மண்பாதை காலுக்கு இதம். மும்பையில் மண் கிடையாது. தஞ்சாவூர் மேரீஸ் கார்னர் மேம்பாலம் இருக்கவே இருக்கிறது. போக்குவரத்துக்கு முன், நாலரை மணிக்குப் போனால் நிம்மதியாக ஏறி இறங்கலாம்.

சங்கிலி அளவை எழுதியது:

இருவரும் வல்லத்தை மறந்துவிட்டீர்கள். டெல்டாவின் சமவெளி தஞ்சாவூரோடு முடிந்து, தென்மேற்கே செம்மண் மேட்டுநிலம் தொடங்குகிறது. தஞ்சையிலிருந்து வல்லம் போகும் சாலை கண்ணுக்குச் சமமாகத் தெரிந்தாலும் நெடுகிலும் ஏறிக்கொண்டே இருக்கும். மிதிவண்டி மிதித்தவர்களுக்கு அது தெரியும். பெருநகரப் பாதைகளில் உங்களைச் சோர வைப்பது இப்படிப்பட்ட தெரியாத ஏற்றங்கள்தான்.

மாயவரம் பெரியவர் எழுதியது:

நான் 2018இல், மகன் வேலைபார்க்கும் ஊர் என்ற ஒரே காரணத்துக்காக, என் 58ஆவது வயதில் நியூயார்க் மாரத்தானை ஓடினேன். அங்கே கற்றதை இங்கே சொல்வது பொருந்தும் என்று நினைக்கிறேன். அந்தப் பாதையில் ஐந்து பாலங்கள். ஓட்டம் தொடங்குவதே வெரசானோ பாலத்தின் ஏற்றத்தில்தான். முதல் மைல் முழுக்க ஏற்றம், இரண்டாம் மைல் இறக்கம். ஏறுவதற்காக ஆறு மாதம் பயிற்சி எடுத்திருந்தேன். இறங்குவதற்கு ஒரு நாள்கூட எடுக்கவில்லை. இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டபடியே உடல் எடையைத் தாங்க வேண்டியிருக்கிறது; தசை இழைகள் நைந்துபோவது அங்கேதான். 25ஆவது கிலோமீட்டரை ஒட்டி வரும் குவீன்ஸ்பரோ பாலத்திலிருந்து இறங்கும்போது, என் தொடைகள் கட்டைகளாகியிருந்தன. பாஸ்டனில் ஹார்ட்பிரேக் மேடு பலரை உடைக்கிறது என்றால், அதற்கு முன் வரும் நீண்ட இறக்கத்துக்கும் அதில் பங்குண்டு என்று அங்கே ஓடியவர்கள் சொன்னார்கள்.

ஆகவே, மேம்பாலத்தில் ஏறும்போது அடியைக் குறுக்கி, மூச்சு ஒரே சீராக இருக்கும்படி மெதுவாக ஏறுங்கள். இறங்கும்போது பின்னால் சாய்ந்து குதிகாலால் பிரேக் போடாமல், சிறு சிறு அடிகளாக, முழங்காலைச் சற்று மடக்கி இறங்கப் பழகுங்கள். வாரம் ஒரு நாள் போதும். முதல் வாரம் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க வேண்டியிருக்கும். நான்காவது வாரம் அது போய்விடும்.

வடுவூர் ஏரிக்கரை எழுதியது (ஜனவரி 2024):

நேற்றிரவு ஊர் வந்து சேர்ந்தேன். 4 மணி 41 நிமிடம். கடிகாரம் 42.6 காட்டியது, நான் பலகைகளை மட்டுமே பார்த்தேன். தொடக்கத்தில் குடமுருட்டி அண்ணன் சொன்னபடி, முந்தாமல் பொறுத்துக்கொண்டேன். என் பக்கத்தில் புகுந்து புகுந்து ஓடிய சிவப்புச் சட்டைக்காரர் ஒருவரை 34இல் நடந்துகொண்டிருக்கப் பார்த்தேன். கடற்பாலத்தில் உண்மையிலேயே எங்கள் வாய்க்கால் கரை நினைவுக்கு வந்தது, நாரைதான் இல்லை.

பெடர் சாலையை ஏறி முடித்துவிட்டேன். என்னை நிறுத்தியது யாரும் எழுதாத ஓரிடம். ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் பிறகு, சௌபாட்டியில் சமதரை தொடங்கியவுடன் இரண்டு கெண்டைக்காலும் ஒருசேரப் பிடித்துக்கொண்டன. நடைமேடையில் உட்கார்ந்திருந்த முதியவர் ஒருவர், ஒன்றும் கேட்காமல் எழுந்து வந்து என் முன்பாதத்தை மடக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டு நிமிடம் கழித்துக் கையில் ஒரு சிட்டிகை உப்பை வைத்துவிட்டு மராத்தியில் ஏதோ சொன்னார். அதன்பிறகு முடிவுக் கோடு வரை, ஒரு கிலோமீட்டர் ஓட்டமும் நூறு மீட்டர் நடையுமாகப் போய்ச் சேர்ந்தேன்.

இங்கே இப்போது அறுவடை. நான் ஓடும் சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. மீதிப் பாதியில் டிராக்டர். கால் ஆறியபின் எங்கே ஓடுவது என்று யாராவது சொன்னால் நலம்.

சங்கிலி அளவை எழுதியது:

வல்லம் சாலையில் நெல் காயாது. ஞாயிறு காலை ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள்.